வடிவம் மாறலாம், பொருள் மாறலாமா?

கணினிக்கு எழுதும் நிரல்களுக்கும் இலக்கணம் உண்டு. அதுவும் காலந்தோறும் மாறுகின்றது. பைதன் மொழியை இதற்குச் சான்றாகக் கொள்வேன். 2008ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பு பழைய வழக்குகள் சிலவற்றை அறவே விலக்கியது. 'பிரிண்ட்' என்னும் சொல்லின்பின் அடைப்புக்குறியிடாது எழுதுதல் பிழையாயிற்று. முன்னரே எழுதிய நிரல்களின் கதி என்ன? 'இரண்டிலிருந்து மூன்றுக்கு' எனப் பொருள்படும் பெயருடைய கருவியொன்று மொழியுடன் சேர்த்தே வழங்கப்பட்டது. அது நிரலை உறுப்புறுப்பாகப் பகுத்து, பழைய வடிவங்களைக் கண்டு, புதிய விதிக்கமைய மாற்றி எழுதும்; எழுதியவர் இட்ட குறிப்புரைகளையும் பேணும்.

ஆயினும் அதற்கோர் எல்லையுண்டு. மூன்றை இரண்டால் வகுத்தால் பழைய பதிப்பில் விடை 1, புதியதில் 1.5. எழுத்து வடிவமோ ஒன்றே. எழுதியவர் முழு எண்ணை நாடினாரா, பின்னத்தை நாடினாரா எனக் கருவி எங்ஙனம் அறியும்? ஆதலின் அவ்விடத்தை அது தொடுவதில்லை. பிழையென எச்சரிக்கை எழாது. விடை மட்டும் வேறாகும். கூலிக் கணக்கிலோ மருந்தின் அளவிலோ இது நேர்ந்தால் விளைவு சிறிதன்று.

பழைய பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் நாளோடு முடிந்தது. 2024இல் வெளியான 3.13ஆம் பதிப்பில் அக்கருவியும் நீக்கப்பட்டது. ஏடு பெயர்த்தெழுதுவோனின் உழைப்பை இயந்திரம் ஏற்கலாம். உரையாசிரியனின் பொறுப்பு மனிதனுடையதே என்பது என் துணிபு.