சிவப்பணுவின் தாய்ச் செல்கள்



"கட்டில்களுக்கும் மருந்துக்குமே பணம் போதாதபோது ஆய்வகத்தில் செல் வளர்ப்பானேன்?" என்று நாச்சியாபுரம் பக்கத்து நண்பர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. வேலூரில் நடந்த ஒரு வேலையைக் கொண்டு பதில் சொல்ல விரும்புகிறோம்.

தலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் குறையைத் தாங்கள் அறிந்திருக்கலாம். தாய் தகப்பன் இருவரும் நோயின்றியே அந்தக் குறையைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்புண்டு. அத்தை மகன், மாமன் மகள் சம்பந்தம் செய்யும் நம் சீமையில் இதை நினைவில் வைப்பது நல்லது. கடுமையான நோயுள்ள பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தின் இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் படிந்துவிடும்.

இந்நோயை ஆராய்வதில் ஒரு இடைஞ்சல் உண்டு. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை. அது பெருகாது, சுமார் 120 நாளில் அழிந்துபோகும். அதைப் பிறப்பிக்கும் தாய்ச் செல்கள் எலும்பு மஜ்ஜையில் இருக்கின்றன. வெளியே எடுத்து வளர்த்தால் சில வாரங்களில் அவையும் ஓய்ந்துவிடும். மறுபடி வேண்டுமானால் மறுபடி ஊசி. ஒரு பிள்ளையின் இடுப்பெலும்பை எத்தனை தரம் குத்துவது?

2013-இல் ஜப்பானின் குரிட்டா, நாகமுரா குழுவினர் ஒரு வழி கண்டார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸின் இரண்டு மரபணுக்களைத் தாய்ச் செல்லுக்குள் செலுத்தினார்கள். செல்லின் பெருக்கத்தைத் தடுக்கும் காவல்களை அவை முடக்குவதால் செல் ஓயாமல் பெருகுகிறது. இதற்குச் சுவிட்சாக வைத்தது டாக்ஸிசைக்ளின். உண்ணிக் காய்ச்சலுக்கு நாம் கொடுக்கும் அதே மருந்துதான்! மருந்து உள்ளவரை செல்கள் பெருகும். நிறுத்தினால் சிவப்பணுவாக முதிரத் தொடங்கும். 2017-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் குழுவினரும் இவ்வகையில் ஒரு செல் வரிசையை வெளியிட்டார்கள்.

இவ்விரண்டுக்கும் ஆரம்பத்திலேயே ஸ்டெம் செல்கள் தேவைப்பட்டன. நோயாளியிடமிருந்து அவற்றைப் போதுமான அளவில் பெற மஜ்ஜையை எடுக்க வேண்டும், அல்லது மருந்து கொடுத்து அவற்றை இரத்தத்துக்கு வரவழைக்க வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலுள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்தில் ஷாஜி வேலாயுதன் குழுவினர் 2021-இல் வெளியிட்ட முறையோ கையிலிருந்து எடுக்கும் சாதாரண இரத்தத்திலேயே தொடங்குகிறது. நலமுள்ள இருவரின் இரத்தத்திலிருந்து இரண்டு செல் வரிசைகள் உருவாயின. அவற்றில் ஒன்று நன்றாக முதிர்ந்து, உட்கருவையும் பெருமளவில் வெளியேற்றியது. அபூர்வ இரத்த நோயுள்ளவர்களின் செல்களையும் இப்படி வங்கிபோல் சேமித்து, மருந்துகளைச் சோதிக்கலாம் என்பது அவர்கள் நோக்கம்.

பலன் கண்ட காரியம்தான் இது. ஜப்பானியச் செல்களில் 2015-இல் நடந்த மரபணு ஆய்வு, சிசுப் பருவ ஹீமோகுளோபினை மீண்டும் சுரக்கச் செய்யும் இடத்தைக் காட்டியது. அந்த இடத்தைத் திருத்தும் சிகிச்சைக்கு 2023-இல் பிரிட்டன் அனுமதி தந்தது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர்! நம் நாட்டு ஆய்வகங்களும் இவ்வேலையைச் செய்யவேண்டும் என்று நாம் சொல்வதற்கு அந்த விலையே போதும்.

இச்செல்களை யாருக்கும் ஏற்றுவதில்லை. வைரஸ் மரபணு உள்ள அவை ஆய்வகத்துக்கு மட்டுமே உரியவை. ஒரு பை இரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சம் கோடி சிவப்பணுக்கள் உள்ளன. அவ்வளவை வளர்த்தெடுப்பது எளிதல்ல. ஆகையால் இரத்தம் ஏற்ற வரும் பிள்ளைகளுக்குத் தங்கள் கையிலிருந்து வரும் பைதான் இன்னமும் வேண்டியிருக்கிறது.