உண்ணிக்கு மருந்து, தேனீக்கு ஓட்டம்

தேனீப் பெட்டி வைத்திருக்கும் எமது வாசகர்கள் சிலர், ஆண் தேனீ வளரும் அறைகளில் சிவந்த பொட்டுப் போன்ற பூச்சியைக் கண்டு கலங்கி, என்ன மருந்து வைப்பது என்று கேட்கின்றனர். அது வரோவா உண்ணி. ஒன்றரை மில்லிமீற்றர் அகலமே உள்ள இது, தேனீயிலும் கூட்டுப்புழுவிலும் ஒட்டி உறிஞ்சி வாழ்வது. கண்டிப் பகுதியில் வீட்டுத் தோட்டப் பெட்டிகளுக்கு இதற்கென மருந்து வேண்டியதில்லை என்பதே எமது பதில். ஏன் என்பதைச் சொல்லவேண்டும்.

நாம் பெட்டியில் வளர்ப்பது சிங்களத்தில் 'மீ மெஸ்ஸா' எனப்படும் ஆசியத் தேனீ. (தேயிலை மலைகளில் கொட்டி ஆளைச் சாய்க்கும் குளவியோடும் பெருந்தேனீயோடும் இதைச் சேர்த்துப் பயப்படுவோர் இன்னும் உண்டு. இது வேறு.) வரோவா இதன் பழைய விருந்தாளி. ஐரோப்பியத் தேனீயிடம் அது தாவியது கடந்த நூற்றாண்டில்தான். பழக்கமில்லாத அந்தத் தேனீ பெருமளவில் மடிந்தது. அவுஸ்திரேலியாவில்கூட 2022இல் நுழைந்த உண்ணியை அழிக்கும் முயற்சி அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது.

ஜேர்மன் ஆய்வாளர்களான கேனிகர் தம்பதியர் விஜயகுணசேகரவோடு சேர்ந்து இலங்கைத் தேனீக்களை ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட கட்டுரை, இங்கு உண்ணி ஆண் புழு அறைகளில் மட்டுமே பெருகுவதாகக் காட்டியது. ஆண் புழுக்களோ எப்போதும் இருப்பதில்லை. ஓர் அறையில் உண்ணிகள் அதிகமானால் உள்ளிருக்கும் புழு நலிந்து, கடினமான மூடியைத் திறக்க முடியாமல் மடியும். வேலைக்காரத் தேனீக்கள் அந்த அறையைத் திறப்பதில்லை. உண்ணிகளுக்கும் அதுவே கல்லறை. உடலில் ஏறிய உண்ணியைத் தேனீக்கள் தாமும் உதறும், ஒன்றையொன்று துப்புரவும் செய்யும்.

இனி, மருந்து வைத்தால் என்ன நடக்கும்? ஐரோப்பியத் தேனீ வளர்ப்போர் பயன்படுத்துபவற்றில் எறும்பிலும் உள்ள போமிக் அமிலம் ஒன்று. ஓமத்தின் வாசனைக்குக் காரணமான தைமோல் மற்றொன்று. போமிக் ஆவி மூடிய அறைக்குள்ளும் புகுந்து உண்ணியைக் கொல்லும். ஆனால் தேனீக்கள் சிறகடித்து ஆவியை வெளியேற்றப் பாடுபடும். வாசலுக்கு வெளியே தாடி போலத் தொங்கும். இளம் புழுக்கள் இழக்கப்படலாம். ராணியே இறப்பதும் உண்டு. பகல் வெப்பம் 29 பாகைக்கு மேல் போனால் வைக்கவேண்டாம் என்று அத்தகைய மருந்துகளின் உறையிலேயே எழுதியிருக்கும். கண்டியின் மாசி, பங்குனி வெயிலை நாம் அறிவோம்.

ஐரோப்பியத் தேனீ இத்தனையையும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். எமது தேனீயின் குணம் வேறு. நாற்றம், வெக்கை, அடிக்கடி திறந்து குழப்புதல், பசி, எறும்பு எதுவானாலும் கூட்டத்தோடு பெட்டியை விட்டுப் பறந்துவிடும். மருந்துக்குச் செலவழித்தவருக்கு வெற்று அடைகளே மிஞ்சும். பூச்சிக்கொல்லியை எண்ணெயில் கலந்து பூசுவதோ இன்னும் மோசம்: தேனும் கெடும், தேனீயும் சாகும். பட்டை மருந்துகளில் புளுவலினேற் மெழுகில் படிந்து நிற்கும். அதற்கு மசியாத உண்ணிகள் 1990களிலேயே இத்தாலியில் தோன்றிவிட்டன.

சந்தேகம் இருந்தால், மூடிய ஆண் அறைகள் சிலவற்றை முள்ளால் திறந்து வெண்ணிறப் புழுவின் மேல் சிவப்புப் பொட்டு உண்டா என்று பாருங்கள். ஓரிரண்டு இருந்தால் மூடிவிட்டு வாருங்கள். வேலைக்காரத் தேனீக்களின் அறைகளிலும் கண்டாலோ, சிறகு சுருங்கிய தேனீக்கள் தரையில் ஊர்ந்தாலோ, பண்டாரவளை பிந்துனுவெவயில் உள்ள விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவில் விசாரிப்பது நல்லது. கண்டிக்காரருக்குப் பேராதனை கிட்ட. அங்குள்ள விவசாய உத்தியோகத்தர்களிடம் முதலில் கேட்கலாம்.

மற்றப்படி பெட்டிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். கறுத்துப்போன பழைய அடைகளை அகற்றி, மெழுகுப் பூச்சிக்கு இடங்கொடாதீர்கள். பூ இல்லாத மழை மாதங்களில் மாலை நேரத்தில் சீனிப்பாகு வையுங்கள்.