அசையாத படம்

கலைப் படம் என்றாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். அதிலும் ஐரோப்பியப் படம், அறுபதுகளில் வந்தது, கறுப்பு வெள்ளை என்று மகள் சொன்னபோது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை அரங்கிலேயே போட்டுக்கொள்ளலாம் என்றுதான் கிளம்பினேன். படம் 28 நிமிடம்தான் என்பது ஓர் ஆறுதல்.

பிரெஞ்சுக்காரர் கிறிஸ் மார்க்கர் 1962இல் உருவாக்கிய 'லா ஜெத்தே'தான் அந்தப் படம். முதல் காட்சி பாரிஸின் ஓர்லி விமான நிலையம். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அதன் மேல்தளத்துக்கு விமானம் பார்க்கப் போவார்களாம்.

சில நிமிடங்கள் ஆயின. திரையில் எதுவும் அசையக் காணோம். புரொஜக்டரில் கோளாறு என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். "படமே இப்படித்தாம்ப்பா" என்றாள் மகள். அத்தனையும் புகைப்படங்கள்! ஒன்று மறைய ஒன்று தோன்ற, ஒரு குரல் கதை சொல்லிக்கொண்டே போகிறது. கல்யாண ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு மாமா கதை சொல்வாரே, அந்த மாதிரி.

மூன்றாம் உலகப் போரில் பாரிஸ் அழிந்துவிட்டது. பிழைத்தவர்கள் பூமிக்கடியில் வாழ்கிறார்கள். உணவும் மருந்தும் தேடிவர, கைதிகளைக் காலம் கடந்து அனுப்பிப் பார்க்கிறார்கள். போனவர்களில் சிலர் செத்தார்கள், சிலருக்குச் சித்தம் கலங்கியது. ஒருவன் மட்டும் தாங்கினான். சிறுவனாக இருந்தபோது ஓர்லியில் பார்த்த ஒரு பெண்ணின் முகம் அவன் மனத்தை விட்டு அகலவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் பழைய நாட்களுக்குப் போகிறான். ஆனால் அவளை நிஜமாகவே பார்த்தோமா, பின்னால் வந்த துன்பத்தைத் தாங்குவதற்காக மனமே கட்டிக்கொண்ட கதையா என்று அவனுக்கே சந்தேகம்.

ஓரிடத்தில் அந்தப் பெண் தூங்குகிறாள். படத்துக்குப் பின் படம். பறவைச் சத்தம் கூடிக்கொண்டே போகிறது. திடீரென்று கண்ணைத் திறந்து நம்மைப் பார்த்து இமைக்கிறாள்! முழுப் படத்திலும் அசைவது அந்தச் சில விநாடிகள் மட்டுமே. எனக்குச் சிலிர்த்துவிட்டது. தூக்கமாவது ஒன்றாவது!

முடிவைச் சொல்லமாட்டேன். 1995இல் ஹாலிவுட்டில் வந்த 'டுவெல்வ் மங்கீஸ்' இதிலிருந்து பிறந்ததுதான். அதைப் பார்த்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

மாதுங்கா திரும்பும் மின்சார ரயிலில் அவனுடைய சந்தேகம் என்னைப் பிடித்துக்கொண்டது. 1976இல் நான் பம்பாய்க்கு வண்டி ஏறிய அன்று, மெட்ராஸ் சென்ட்ரல் பிளாட்பாரத்தில் அப்பா குடையை உயர்த்திக் காட்டிக்கொண்டே நின்றார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை இதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் காட்சியில் அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

இரவு ஊரில் இருக்கும் அண்ணாவுக்குப் போன் செய்து கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்பாவுக்கு அன்னிக்கு ஜுரம்டா. வாசல் வரைக்கும்தான் வந்தார். சென்ட்ரலுக்குக் குடையோட வந்தது நான்தான்" என்றார்.

மகளிடம் இன்னும் சொல்லவில்லை.