இரு துளைகளுக்கு இடையே

மாணவனிடம் கணக்கைக் கொடுத்து விடையைக் கேட்பது பள்ளி வழக்கம். கூட்டுத்தொகை 12 எனக் கூறி, கூட்டிய எண்கள் இரண்டும் எவை என்று கேட்டால் அவன் என் செய்வான்? 7, 5 ஆகலாம். 9, 3 ஆகவும் இருக்கலாம். நிலத்தின் உட்புறத்தை மின்சாரத்தால் ஆராயும் அறிஞர்களும் இத்தகைய இக்கட்டிலேயே நிற்கின்றனர். அவர்கள் அதை வெல்லும் முறையை ஈண்டுக் காண்போம்.

ஆழ்துளைகள் இரண்டு இட்டு, ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழாக உலோக மின்வாய்களைப் பொருத்துவர். இரு மின்வாய்களின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி, வேறிரண்டின் இடையே தோன்றும் மின்னழுத்தத்தை அளப்பர். மின்வாய்களை மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான அளவுகள் எடுப்பர். உப்புநீரும் ஈரக் களிமண்ணும் மின்சாரத்தை நன்கு கடத்தும். உலர்ந்த மணலும் பிளவற்ற கருங்கல்லும் அவ்வளவாகக் கடத்தா.

எக்ஸ் கதிர் நேராகச் செல்லும். மின்சாரமோ நிலமெங்கும் பரவும். ஆதலின் வெவ்வேறு நில அமைப்புகள் ஏறக்குறைய ஒரே அளவுகளைத் தரக்கூடும். செம்மையான கணக்குக்கு விடை இருத்தல் வேண்டும். அது ஒன்றேயாதல் வேண்டும். அளவு சிறிது பிசகினால் விடை பெரிதும் மாறலாகாது என்பது பிரெஞ்சுக் கணித அறிஞர் ஹடமார் கருத்து. நிலத்தின் கணக்கு இதற்கு அடங்குவதில்லை. 1963இல் ரஷ்ய அறிஞர் திகோனவ் இத்தகைய கணக்குகளுக்கு வழி வகுத்தார். முதலில் ஒரு நில அமைப்பை ஊகித்து, அது தரவேண்டிய அளவுகளைக் கணித்து, உண்மை அளவுகளுடன் ஒப்பிட்டு, ஊகத்தைத் திருத்திக்கொண்டே செல்வர். அளவுகளுக்குப் பொருந்துவனவற்றுள் திடீர் மாற்றங்கள் குறைந்ததையே ஏற்பது என்னும் நிபந்தனையையும் சேர்ப்பர்.

இதனால் விளையும் பயன் யாது? அமெரிக்காவின் ஹான்போர்டில் அணுக்கழிவு நிரம்பிய நிலத்தடித் தொட்டிகள் 177 உண்டு. அவற்றுட் சில கசிந்துள்ளன. அங்கே நினைத்த இடமெல்லாம் தோண்டிப் பார்த்தல் ஆகாது. 1990களில் அங்கு ஒரு மாதிரித் தொட்டியைச் சுற்றித் துளைகள் இட்டு, உப்புநீரைக் கசியவிட்டுச் சோதித்தனர். கசிவுக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டு, நீர் பரவிய இடத்தைக் கண்டனர்.

எனினும், வண்ணத்தில் வரும் அப்படம் புகைப்படம் அன்று. துளைகளின் அருகே அது தெளிவு. இரண்டுக்கும் நடுவே மங்கல். படத்தைக் காட்டுவோர், எந்த நிபந்தனையால் அதைப் பெற்றனர் என்பதையும் கூறுதல் வேண்டும். வழியைக் காட்டாத விடைக்கு நாம் முழு மதிப்பெண் இடுவதில்லை அன்றோ?