குண்டூசியும் கைகுலுக்கலும்

நினைவிழந்தவர்களின் திகில் கதைகள் – 9

'மெமெண்டோ' படத்தின் நாயகன் உடலில் பச்சை குத்திக்கொண்ட குறிப்புகளே அவனை எவ்வாறு ஏய்த்தன என்பது சென்ற இதழில் போதிய அளவு பேசப்பட்டுவிட்டது. இந்த வாரத்திற்கென ஒதுக்கப்பட்டிருந்தது, இங்கிலாந்து எழுத்தாளர் எஸ்.ஜே. வாட்சன் 2011-இல் வெளியிட்ட 'பிஃபோர் ஐ கோ டு ஸ்லீப்' நாவலில் வரும் நாட்குறிப்பு.

நாவலின் நாயகி கிறிஸ்டின், உறங்கி எழும்போதெல்லாம் முந்தைய நாளையும் அதற்கு முந்தைய பல்லாண்டுகளையும் இழந்தவளாக, அருகில் படுத்திருப்பவர் யாரென்று அறியாமல் விழிக்கிறாள். மருத்துவர் நாஷ் தொலைபேசியில் அழைத்து, அலமாரியில் காலணிப் பெட்டிக்குள் ஒளித்து வைக்கப்பட்ட நாட்குறிப்பை எடுத்துப் படிக்கச் சொல்கிறார். அதிலோ, கணவர் பென்னை நம்பக் கூடாது என்று அவளுடைய கையெழுத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஏட்டைப் பறித்துவிட்டால் அவளுடைய ஐயமும் பறிபோய்விடும் என்பதே கதைக்கு விறுவிறுப்பூட்டும் அச்சம். ஆனால், ஐயம் தங்குவதற்கு ஏடு தேவையில்லை என்பதற்கு நூறாண்டுப் பழமையான சான்று ஒன்று உண்டு.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் எடுவார் கிளாபரேட் 1911-இல் வெளியிட்ட கட்டுரையில், ஜெனீவா அருகே ஒரு மனநலக் காப்பகத்தில் இருந்த 47 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதினார். கிறிஸ்டினுக்கும் நாவலில் அதே 47 வயது என்பது வியப்பூட்டும் பொருத்தம். அப்பெண்ணுக்கு இருந்தது கோர்சகோஃப் நோய், அதாவது பெரும்பாலும் நெடுங்கால மதுப்பழக்கத்தால் தயமின் எனும் வைட்டமின் பி1 குறைந்து, புதிய நிகழ்வுகளை மனத்தில் பதிக்கும் ஆற்றல் சிதைந்துபோகும் நிலை. ஐரோப்பிய நாடுகளின் தலைநகரங்களைத் தடுமாறாமல் சொன்ன அவர், நாள்தோறும் பார்த்த மருத்துவரை அடையாளம் காணாததோடு, மாதக்கணக்கில் தம்மைக் கவனித்துவந்த செவிலியிடமே, தாங்கள் யாரோ என்று மிகுந்த மரியாதையுடன் விசாரிப்பாராம்.

ஒருநாள் கிளாபரேட் விரல்களுக்கிடையே குண்டூசியை மறைத்துக்கொண்டு அவருடைய கையைக் குத்தினார். மறுநாள்தான் விளைவு தெரிந்தது என்று இக்கதையைச் சொல்வோர் உண்டு. கிளாபரேட் எழுதியதோ, சில நிமிடங்களில் அப்பெண் குத்தியதை அடியோடு மறந்துவிட்டார் என்பதும், மீண்டும் கை நீட்டியபோது தம் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார் என்பதும்தான். காரணம் கேட்டபோது, கையை இழுத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை இல்லையா என்று அவர் திருப்பிக் கேட்டார். மேலும் வற்புறுத்தியபோது, சிலர் கையில் ஊசி ஒளித்து வைத்திருப்பதுண்டு என்றார். எனினும் அது தமக்கு நேர்ந்தது என்று மட்டும் அவர் ஒப்பவேயில்லை. மனத்தில் தோன்றிய ஓர் எண்ணமாகவே அதைக் கருதினார்.

இதன் உடற்கூற்று விளக்கம் 1995-இல் அமெரிக்காவின் அயோவாவில் தெளிவானது. நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் ஹிப்போகாம்பஸ் எனும் மூளைப்பகுதி பழுதானவர், குறிப்பிட்ட நிறத்தைக் கண்டதும் அதைத் தொடர்ந்து வரும் அலறல் ஒலிக்கு உடலளவில் அஞ்சப் பழகினாரே தவிர, எந்த நிறத்துக்குப்பின் ஒலி வந்தது என்பதைச் சொல்ல இயலவில்லை. அச்சத்தைக் கற்கும் அமிக்டாலா பழுதானவரோ அதனைச் சரியாகச் சொன்னாலும் அஞ்சவில்லை.

ஆகவே, கிறிஸ்டினைப் போன்ற ஒருத்திக்கு உண்மையில் நேரக்கூடிய கொடுமை, ஐயம் மறந்துபோவதன்று. ஐயம் இருக்க, அதற்குச் சாட்சி இல்லாமற்போவதுதான். காரணம் சொல்ல இயலாத அச்சத்தை, அதுவும் நோயின் அறிகுறியே என்று உடனிருப்பவர் எளிதில் தள்ளிவிடலாம். நோயாளியும் அதை நம்பித் தம் உடலின் எச்சரிக்கையைத் தாமே மறுத்துவிடலாம். அந்த நிலையில் நாட்குறிப்பு செய்யும் வேலை ஐயத்தை உண்டாக்குவதன்று, முன்பே உள்ள ஐயத்துக்குக் காரணம் கூறுவதே.

2014-இல் இந்நாவலைப் படமாக்கிய ரோவன் ஜோஃபே, நிக்கோல் கிட்மனின் கையில் ஏட்டுக்குப் பதிலாகக் கேமராவைக் கொடுத்தார். தன் முகமே பேசும் காணொளியை நோயாளி எவ்வளவு நம்புவார் என்பதும், குண்டூசிக்கு இடம் விட்டு ஒதுங்கிய நாட்குறிப்பும் அடுத்த இதழில்.