கொள்கலன் வீடு: வாங்குமுன் தரையைப் பாருங்கள்

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ். நகரிலிருந்து வெளியேற்றப்பட்டு, பல வருடங்களின் பின் திரும்பிய நம்மவர்கள் பலருக்குக் காணி இருந்தது, வீடு இருக்கவில்லை. கல்வீடு கட்டக் காசு போதாதபோது, பழைய கப்பல் கொள்கலன் ஒன்றை வாங்கி ஜன்னல் வெட்டிக் குடியிருந்தால் என்ன என்று தோன்றுவது இயல்பே. விலையைக் கேட்குமுன் சில விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது தரை. கொள்கலனின் தரை ஓர் அங்குலத்துக்கு மேல் தடிப்பான ஒட்டுப்பலகை. கடல் கடந்து பூச்சி போகக்கூடாது என்பதற்காக அதற்குப் பூச்சிகொல்லி ஏற்றப்படுகிறது. பொருள் ஏற்றும் பெட்டிக்கு அது சரி. குழந்தை தவழும் தரைக்கு அல்ல. கதவிலுள்ள உலோகத் தகட்டில் மரத்துக்கு இட்ட மருந்தின் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். முன்பு என்ன இரசாயனம் ஏற்றிச் சிந்தியது என்பதை எந்தத் தகடும் சொல்லாது. ஆகவே பலகையைக் கழற்றிவிடுவதே நல்லது. அதை அடுப்பெரிக்க எடுக்க வேண்டாம்.

அடுத்தது பெயின்ட். துருவைத் தடுக்கும் பழைய பூச்சுகளில் ஈயமோ குரோமேற்றோ இருக்கலாம். வெட்டும்போதும் வெல்டிங் செய்யும்போதும் கிளம்பும் புகையும் தூசும் முதலில் பாதிப்பது வேலையாளையே. அதைக் குடும்பம் குடிவருமுன், திறந்த வெளியில், தகுந்த முகக்கவசத்துடன் செய்விக்க வேண்டும்.

மூன்றாவது வெப்பம். யாழ்ப்பாணத்து ஏப்ரல் மாத வெயிலில் வெற்று இரும்புப் பெட்டி அடுப்புத்தான். முதியவருக்கும் கைக்குழந்தைக்கும் அது உயிராபத்து. மாரியில் உட்சுவர் வியர்த்துப் பூஞ்சணம் பிடித்தால் ஆஸ்துமாக்காரர் பாடு திண்டாட்டம். உப்புக்காற்றில் துரு வேறு.

2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்ற திட்டம் வந்தபோதும் வெப்பமும் துருவுமே பேச்சாக இருந்தன. ஒரு வீட்டுக்கு முதலில் சொல்லப்பட்ட தொகை சுமார் 21 இலட்சம் ரூபா. இந்திய வீட்டுத்திட்டமோ கல்வீடு கட்ட 5½ இலட்சமே கொடுத்தது. கடும் எதிர்ப்பினால் இரும்பு வீட்டுத்திட்டம் கைவிடப்பட்டது.

இருந்தும் வாங்குவதானால் புதுத்தரை, வெப்பத்தடுப்பு, எதிரெதிர் ஜன்னல்கள், மேலே இடைவெளி விட்டு இன்னொரு கூரை எல்லாம் தேவை. உள் அகலமே ஏழே முக்கால் அடிதான். வெப்பத்தடுப்பு அதையும் குறைக்கும். லொறிக்கூலி, கிரேன் கூலியையும் சேர்த்துக் கூட்டிய தொகையை மேசன் ஒருவரிடம் சொல்லி, அதே காசுக்கு எத்தனை அறை கல்லால் எழுப்பலாம் என்று கேட்டுப் பாருங்கள்.