ஆறு வோல்ட்டா, பன்னிரண்டு வோல்ட்டா?

சென்ற விடுமுறையில் செஞ்சிக்குப் போயிருந்த நாம், இராஜகிரியினின்று இறங்கி வருங்கால், யுத்தகாலத்து வில்லிஸ் ஜீப் ஒன்று சாலையோரம் நிற்கக் கண்டோம். விளக்குகள் அகல்போல் மங்கின. ஸ்டார்ட்டர் முனகிற்றேயன்றிச் சுழலவில்லை. "இதனை 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடப் போகிறேன், தம்பிமாரே, சரிதானா?" என வினவினார் உடைமையாளராகிய பெரியவர்.

1941 முதல் 1945 வரை அமெரிக்காவிற் செய்யப்பெற்ற இவ்வகை ஜீப்பின் மின்னமைப்பு 6 வோல்ட்டு. 30 வாட்டு விளக்கொன்று அதில் 5 ஆம்பியர் மின்னோட்டங் கொள்ளும். 12 வோல்ட்டிலோ 2½ ஆம்பியரே போதும். கம்பியில் வெப்பமாய் வீணாகுஞ் சக்தி மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலின், அதே கம்பியில் நஷ்டம் நாலிலொரு பங்காய்க் குறையும். பெரியவர் கருத்திலும் நியாயமுண்டு.

ஆயினும் இம்மாற்றம் பாட்டரியோடு முடிவதன்று. டைனமோ, ரெகுலேட்டர், பல்புகள், ஹாரன், இக்னிஷன் காயில் ஆகியனவும் மாறவேண்டும். பெட்ரோல் அளவுகாட்டிக்கு மின்னழுத்தங் குறைக்குங் கருவி வேண்டும். அம்மீட்டர் அப்படியே இருக்கலாம். பழைய ஸ்டார்ட்டரோ மிகுவேகங் கொண்டு ஃப்ளைவீலின் பற்களைச் சிதைத்தலும் உண்டு.

நிற்க. வழியில் அரை வோல்ட்டு இழப்பினும், 6 வோல்ட்டில் அது பன்னிரண்டிலொரு பங்கு. ஆகவே பருமனான கேபிளும் துருவற்ற இணைப்பும் இதற்கு இன்றியமையாதன. அவ்வண்டியிலோ எவரோ 12 வோல்ட்டுக்குரிய மெல்லிய கேபிளைப் பூட்டியிருந்தனர். எர்த் முனையிற் பெயின்டும் துருவும்!

மறுநாள் பருமனான கேபிள் பூட்டி, அம்முனையைச் சுரண்டித் துலக்கிப் பாட்டரிக்கு முழுச் சார்ஜ் ஏற்றினோம். மிதித்த மாத்திரத்தில் ஸ்டார்ட்டர் சுழன்றது. பெரியவர் எடுத்து வந்த பணத்தை மீண்டும் மடியில் முடிந்துகொண்டார்.